லஞ்சம் புகாத கல்

ஒரு நீதிபதியை விலைக்கு வாங்க ஒரு பை பணம் போதும். 500 நீதிபதிகளை வாங்குவது எப்படி? ஏதென்ஸ் நகரில் இந்த வித்தையை முதன்முதலில் செய்து காட்டியவர் ஆனிட்டஸ் என்ற தளபதி. கி.மு. 409 வாக்கில், முற்றுகையில் சிக்கிய பைலோஸ் கோட்டையைக் காப்பாற்ற அவரைக் கப்பல்களோடு அனுப்பினார்கள். போனவர் போய்ச் சேரவே இல்லை, கோட்டை பறிபோனது. ஊர் அவரைக் கூண்டில் ஏற்றியது. நடுவர் கூட்டத்துக்கே பணம் கொடுத்து அவர் தப்பித்தார் என்கிறது, அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் ‘ஏதென்ஸின் அரசியலமைப்பு’ என்ற நூல்.

இந்த நூல் கிடைத்த கதையும் விநோதமானதுதான். பல நூற்றாண்டுகளாகத் தொலைந்துபோயிருந்த நூல் இது. எகிப்திலிருந்து பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்த பாப்பிரஸ் சுருள்களில் அகப்பட்டு, 1891இல் அச்சேறியது. சுருளின் ஒரு பக்கத்தில் கி.பி. 78-79ஆம் ஆண்டின் பண்ணைக் கணக்கு இருக்கிறது. கணக்கு எழுதித் தீர்ந்த சுருளைத் திருப்பி, பின்பக்கத்தில் யாரோ இதைப் படியெடுத்திருக்கிறார்கள். அதிகாரிகளிடம் கணக்குக் கேட்கும் முறையைச் சொல்லும் நூலுக்கு இதைவிடப் பொருத்தமான காகிதம் அமைந்திருக்காது.

அதன் கடைசி அத்தியாயங்கள் ஒரு நீதிமன்ற நாளை விடியற்காலை முதல் வரிவரியாக விவரிக்கின்றன. ஏதென்ஸில் சம்பள நீதிபதி என்று யாரும் கிடையாது. 30 வயது தாண்டிய குடிமக்களில் ஆண்டுக்கு 6000 பேர் நடுவர் பட்டியலில் சேர்வார்கள். சாதாரண வழக்குக்கு 201 பேர், பெரிய வழக்குக்கு 501 பேர், ஊரையே உலுக்கும் அரசியல் வழக்கு என்றால் 1500 பேர்கூட உட்காருவார்கள். யார் எந்த வழக்கில் உட்காரப்போகிறார் என்று முதல்நாள் இரவே தெரிந்துவிட்டால் ஆனிட்டஸ் காட்டிய வழி திறந்தே கிடக்கும். ஆகவே அன்று காலைவரை அது யாருக்கும், அந்த நடுவருக்கே, தெரியாதபடி அடுத்த நூற்றாண்டில் ஓர் இயந்திரத்தை உருவாக்கினார்கள்.

கிரேக்கத்தில் அதன் பெயர் கிளெரோதீரியன். நாம் குலுக்குக்கல் என்று வைத்துக்கொள்வோம். நெடுக்கிலும் குறுக்கிலும் வரிசையாக மெல்லிய பிளவுகள் வெட்டிய கற்பலகை அது. ஏதென்ஸின் பழைய சந்தைத் திடலில் இதன் உடைந்த துண்டுகள் கிடைத்தன. 1930களில் ஸ்டெர்லிங் டவ் என்ற அமெரிக்க அறிஞர் கல்லையும் நூலையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் அது எப்படி வேலை செய்தது என்பது விளங்கியது.

ஒவ்வொரு நடுவரிடமும் ஒரு பெயர்த்தகடு இருக்கும். சாண் நீளம்கூட வராத வெண்கலப் பட்டை அல்லது மரப்பட்டை. அதில் அவர் பெயர், தந்தை பெயர், ஊர், கூடவே பத்து எழுத்துகளில் ஒன்று. நகர மக்கள் பத்துக் குலங்களாகப் பிரிந்திருந்தார்கள்; குலத்துக்கு ஒரு வாசல், வாசலுக்கு இரண்டு கற்கள், கல்லுக்கு ஐந்து நெடுவரிசை. வந்தவர் தன் எழுத்துக்குரிய பெட்டியில் தகட்டைப் போடுகிறார். பெட்டியைக் குலுக்கி, ஒரு தகட்டை உருவுகிறார்கள். அந்தத் தகட்டுக்காரர்தான் அன்று அந்தப் பெட்டியிலுள்ள எல்லாத் தகடுகளையும் கல்லில் ஒரு நெடுவரிசையில் மேலிருந்து கீழாகச் செருகவேண்டும். தினமும் ஒரே ஆள் செருகினால் தில்லுமுல்லு செய்வான் என்று நூலே காரணம் சொல்கிறது. செருகுகிறவரையும் குலுக்கலில் எடுக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

கல்லின் பக்கவாட்டில் ஒரு குழாய். மேலே புனல்வாய். அதற்குள் கறுப்பும் வெள்ளையுமாகக் காய்களைக் கலந்து கொட்டுகிறார்கள். கீழே உள்ள அடைப்பை எடுத்தால் ஒவ்வொரு காயாக வெளியே வரும். முதல் காய் முதல் கிடைவரிசைக்கு. வெள்ளை என்றால் அந்த வரிசையில் இருக்கும் ஐந்து பேரும் இன்று நடுவர்கள். கறுப்பு என்றால் ஐந்து பேரும் வீட்டுக்கு. அடுத்த காய் அடுத்த வரிசைக்கு. அன்று 1500 பேர் வேண்டும் என்றால் குலத்துக்கு 150 பேர், கல்லுக்கு 75 பேர். ஆக ஒவ்வொரு குழாயிலும் 15 வெள்ளைக்காய் போட்டால் கணக்குச் சரி. பத்துக் குலத்திலிருந்தும் சமமான பங்கு, அதுவும் சில நிமிடங்களில். தகடு செருகுகிறவர் தனக்கு வேண்டியவரை மூன்றாம் வரிசையில் வைக்கலாம். மூன்றாவதாக எந்தக் காய் விழும் என்பது குழாய்க்கு மட்டுமே தெரியும்.

இத்தோடு விட்டிருந்தாலே போதும் என்று நமக்குத் தோன்றும். அவர்கள் விடவில்லை. தேர்வான நடுவர் ஒரு ஜாடிக்குள் கைவிட்டு ஓர் ஓக் கொட்டையை எடுக்கிறார். அதில் இருக்கும் எழுத்துதான் அவர் போகவேண்டிய நீதிமன்றம். எடுத்ததை உயர்த்திக் காட்ட, அதிகாரி அவருடைய பெயர்த்தகட்டை அந்த நீதிமன்றத்தின் பெட்டியில் போட்டுவிடுகிறார். பிறகு அவர் கைக்கு ஒரு கோல் வருகிறது. நீதிமன்ற வாசலின் மேற்கட்டையில் பூசியிருக்கும் நிறமே கோலிலும் இருக்கும். நண்பருக்கு உதவ வேறு நீதிமன்றத்துக்குள் நழுவப் பார்த்தால் கையில் இருக்கும் கோலே காட்டிக்கொடுத்துவிடும். எந்த அதிகாரி எந்த நீதிமன்றத்தில் தலைமை வகிப்பார் என்பதற்கும் அதே காலையில் குலுக்கல் உண்டு.

விசாரணைக்குள் நுழைந்தால் தண்ணீர் காத்திருக்கிறது. அடியில் சிறு துளையுள்ள மண்பானை. தண்ணீர் தீர்ந்தால் பேச்சும் தீர்ந்தது. திடலில் தோண்டியெடுத்த பானை ஒன்று ஆறு லிட்டருக்குச் சற்று அதிகமாகப் பிடிக்கும். காலியாக ஆறு நிமிடம். வழக்கின் கனத்தைப் பொறுத்து எத்தனை பானை என்று சட்டமே சொல்லும். மந்திரியானாலும் மாட்டுக்காரரானாலும் ஒரே அளவு. சாட்சிப் பத்திரம் வாசிக்கும்போது மட்டும் துளையை அடைத்து வைப்பார்கள். டெமாஸ்தனீஸ் என்ற பேச்சு மன்னர் ஒரு வழக்கில், முடிந்தால் என் தண்ணீரிலேயே வந்து நிரூபி என்று எதிரியைச் சீண்டியிருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது வாக்களிக்கும் கருவி. நடுவில் குட்டையான அச்சு செருகிய வெண்கல வட்டு. சின்னப் பம்பரம்போல இருக்கும். ஒவ்வொரு நடுவருக்கும் இரண்டு. ஒன்றின் அச்சு துளையுள்ளது, அது வழக்குத் தொடுத்தவருக்கு. மற்றதன் அச்சு கெட்டியானது, அது எதிராளிக்கு. கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் இரண்டு முனைகளையும் பொத்திப் பிடித்தால் துளை இருக்கிறதா இல்லையா என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. பிடித்திருப்பவருக்கு விரல் சொல்லிவிடும். வெண்கலக் குடத்தில் போடும் வட்டு செல்லும். மரக்குடத்தில் போடுவது கழிவு. வெண்கலக் குடத்தின் மூடியில் ஒரு வட்டு மட்டும் நுழையும் அளவுக்குத்தான் வழி, இரண்டையும் சேர்த்துத் தள்ள முடியாது. வாங்கிய பணத்துக்கு வேலை செய்தாரா என்று லஞ்சம் கொடுத்தவனே சரிபார்க்க முடியாத இடம் இது. வாக்குகள் சமமானால் எதிராளி விடுதலை. வாக்களித்தவருக்குத்தான் கூலி, மூன்று ஓபல். ஒரு தச்சரின் நாள்கூலியில் பாதிகூடத் தேறாது.

இந்த இயந்திரத்தின் முன் அரசியல்வாதி எப்படி வந்து சேர்வார்? யாரும் இழுத்து வரவேண்டியதில்லை, காலண்டரே கொண்டுவந்துவிடும். பதவி பெரும்பாலும் ஓராண்டு. முடிந்ததும் 30 நாளுக்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும். இதற்கு யூதினா என்று பெயர், நம் பேச்சில் பதவிக் கணக்கு எனலாம். கணக்கு தேறும்வரை அவர் ஊரைவிட்டுப் போக முடியாது, உயில் எழுத முடியாது, கோயிலுக்குச் சொத்து எழுதிவைக்கவும் முடியாது. பூசாரிகளுக்கும் விலக்கு இல்லை. காசையே கையால் தொடாத பதவி என்றால், ஊர்ப் பணத்தில் எதையும் வாங்கவுமில்லை, செலவழிக்கவுமில்லை என்று அதையே எழுதிக் கொடுக்க வேண்டும்! பண விவகாரம் முடிந்த பிறகு, இதற்கென்றே ஒருவர் சந்தை நேரத்தில் குலநாயகர் சிலையடியில் மூன்று நாள் உட்கார்ந்திருப்பார். எந்தக் குடிமகனும் வெள்ளை பூசிய பலகையில் புகார் எழுதிக் கொடுக்கலாம். நம் உத்திரமேரூர்க் கல்வெட்டிலும், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலைக்குத் தகுதி இழக்கிறார்கள். ஏதென்ஸுக்கு 1200 ஆண்டுகளுக்கும் அதிகமாகப் பிந்தியது, ஆனால் சந்தேகம் அதே சந்தேகம்தான்.

இதைப் படித்துவிட்டு ஏதென்ஸைக் கோயிலாக்கிவிட வேண்டாம். பெண்களின் பெயரோ, அடிமைகளின் பெயரோ, வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களின் பெயரோ அந்தத் தகடுகளில் கிடையாது. குலுக்குக்கல் இல்லாத இடத்தில் சூதும் நடந்தது. செல்வாக்கு மிகுந்தவரை 10 ஆண்டு ஊர்விலக்கம் செய்ய மக்கள் அவர் பெயரை ஓட்டுச் சில்லில் கீறிப் போடும் வழக்கம் இருந்தது. 1937இல் அக்ரோபோலிஸ் குன்றின் சரிவிலுள்ள கிணற்றில், தெமிஸ்டாக்ளிஸ் பெயர் எழுதிய சுமார் 190 சில்லுகள் கிடைத்தன. கையெழுத்தை ஒப்பிட்டால் எழுதியவர்கள் 14 பேர்தான். ஓட்டளிக்க வருகிறவர்களின் கையில் திணிக்க யாரோ தயாராக எழுதி வைத்திருக்கிறார்கள். கி.மு. 399இல் சாக்ரடீஸ் மேல் வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர் அதே ஆனிட்டஸ். கூடியிருந்த நூற்றுக்கணக்கான நடுவர்களை அப்போது யாரும் விலைக்கு வாங்கியதாகச் செய்தி இல்லை. மரண தண்டனையை அவர்களே மனமறிந்து கொடுத்தார்கள். லஞ்சத்தைத் தடுக்கும் கருவியால் வெறுப்பைத் தடுக்க முடிவதில்லை.

பெரிய மனிதர்களுக்கு அது வளைந்து கொடுக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அலெக்சாந்தரின் கஜானா அதிகாரி ஹர்பாலஸ் பணத்தோடு ஓடிவந்து ஏதென்ஸில் தஞ்சம் புகுந்தார். 700 தாலந்து இருப்பதாகச் சொல்லி அக்ரோபோலிஸில் வைத்ததில், பிறகு எண்ணினால் பாதிதான் இருந்தது. மாட்டிக்கொண்டவர்களில் டெமாஸ்தனீஸும் ஒருவர். கி.மு. 323இல் 1500 நடுவர்கள் அவரைக் குற்றவாளி என்று தீர்த்து, 50 தாலந்து அபராதம் போட்டார்கள். அந்தத் தொகையில் அதே 1500 பேருக்கும் 400 நாள் நடுவர் கூலி கொடுக்கலாம். கட்ட வழியின்றிச் சிறைக்குப் போன டெமாஸ்தனீஸ், கொஞ்ச நாளில் தப்பித்து ஓடிவிட்டார். காவலர்களில் சிலர் அசட்டையாக இருந்தார்கள், சிலர் கண்டும் காணாமல் விட்டார்கள் என்கிறார் புளூட்டார்க்.