இஸ்ரவேலர் கண்ட வானமும் புராண அண்டகோசமும்

2024-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாட் காலையோடு முடிந்த ஒரு நாட்பொழுதில் ஊத்தங்கரையிற் பெய்த மழை ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். ஃபெங்கல் என்னும் புயலின் எச்சமாகிய அம்மழையால் ஏரி நிறைந்து வழிந்தது. சாலையோரம் நின்ற வண்டிகளை வெள்ளம் அடித்துச் சென்றது. இத்தகைய மழையை 'வானம் பொத்துக்கொண்டது' என்பது நாட்டு வழக்கு. வானம் ஓட்டையுறத்தக்கதொரு கூரை என்று கருதி இங்ஙனம் சொல்வார் இன்று ஒருவரும் இலர். ஆயினும் அவ்வழக்கினுள்ளே ஒரு பழைய உலகக்காட்சி உறைந்து கிடக்கின்றது. அதனை வழக்களவிற் கொள்ளாது உண்மையாகவே கொண்டு வாழ்ந்த பழைய மக்களுள் இஸ்ரவேலரும் ஒரு சாரார்.

அவர்தம் பழைய நூல்களில் பிரபஞ்சம் முழுவதையும் குறிப்பதொரு தனிச்சொல் இல்லை. வானமும் பூமியும் என இரண்டனையும் சேர்த்துச் சொல்லுதலே மரபு. பூமி பரந்து கிடப்பது, தூண்களின்மேல் நிற்பது. அதன்கீழ் ஆழ்நீர் உளது. மேலே கவிந்த திண்ணிய வானம் மற்றொரு நீர்ப்பரப்பைத் தாங்கி நிற்பது. அவ்வானத்திற்கு எபிரேய மொழியில் 'ராக்கியா' என்று பெயர். அச்சொல்லின் வேர், கொல்லன் உலோகத்தைத் தகடாக அடித்துப் பரப்புந் தொழிலைக் குறிப்பதாகும். கிரேக்க மொழியிற் பெயர்த்த பண்டையோரும் திண்மைப் பொருள்படும் சொல்லையே இட்டனர். யோபுவின் நூலோ வானத்தை வார்த்த உலோகக் கண்ணாடிக்கு ஒப்பிடுகின்றது. நோவாவின் காலத்துப் பெருவெள்ளத்தின்போது வானத்தின் மதகுகள் திறந்தன என்னும் கதை இக்காட்சியோடு இயைந்தது. நிலத்தின் கீழே இறந்தோர் சேரும் 'ஷியோல்' உளது. நல்லோர் தீயோர் என்னும் வேறுபாடின்றி அனைவரும் அங்கே நிழல்போற் கிடப்பர் என்பதே தொன்மைக் கொள்கை. துறக்கமும் நிரயமும் அவரிடைப் பிற்காலத்து விரிந்தன. இவையெல்லாம் ஒருபடித்தாய் அமைந்தனவும் அல்ல. பூமிக்குத் தூண்கள் கூறும் அதே யோபுவின் நூல், பூமி யாதொன்றனையும் பற்றாது தொங்குவதாகவும் பிறிதோரிடத்துக் கூறும். எனவே இது கணித நூலார் ஒருவர் அளந்து வரைந்த படம் அன்று. பல காலத்துப் புலவர் வாக்கின் தொகுதி.

இக்காட்சி அவர்க்கு மட்டும் உரியதும் அன்று. பாபிலோனியர் தம் படைப்புக் கதையில், மர்துக் என்னும் தெய்வம் கடல்வடிவினளாகிய தியாமத்தைக் கொன்று, அவள் உடலை இரண்டாகப் பிளந்து, ஒரு கூற்றை வானமாகக் கவித்தது என்பர். நினிவே நகரின் இடிபாட்டிற் கிடைத்த களிமண் ஏடுகளிலிருந்து இக்கதையை 1876-இல் ஜார்ஜ் ஸ்மித் என்பார் வெளியிட்டபோது, ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தோடு அதற்குள்ள உறவு ஐரோப்பிய அறிஞர்க்குப் புலனாயிற்று. எருசலேம் அழிவுற்று இஸ்ரவேலர் பாபிலோனுக்குச் சிறைபோன கி.மு. 6-ஆம் நூற்றாண்டை ஒட்டியே அவ்வதிகாரம் இன்றைய வடிவுற்றது என்பார் பலர். நீரும், நீரைப் பிரிக்கும் வானமும் இரண்டிடத்தும் ஒன்றே. ஆனால் ஆதியாகமத்திற் போர் இல்லை. கொல்லப்படும் தெய்வமும் இல்லை. ஞாயிறும் திங்களும் ஆண்டுப் பெயர்கூடப் பெறாது, பெரிய சுடர் சிறிய சுடர் என்ற அளவில் நிற்கின்றன. பாபிலோனியர்க்கோ அவ்விரண்டும் வழிபடுதெய்வங்கள். சிறைப்பட்ட சிறு கூட்டமொன்று தன்னை வென்றவரின் தெய்வங்களை விளக்குகளாக்கி விட்டது. வானம் தகடா வெளியா என்னும் ஆராய்ச்சி அங்கே நிகழவில்லை. அவ்வானத்திற்கு உடையவன் யார் என்பதே அங்குள்ள வழக்கு.

சித்தாந்தம் பயில்வார் கருதத்தக்க மற்றொன்றும் அவ்வதிகாரத்தில் உண்டு. இறைவன் இல்லதிலிருந்து உலகைப் படைத்தான் என்பது பிற்கால யூதர், கிறிஸ்தவர் ஆகியோரின் உறுதியான கொள்கை. ஆனால் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே இருளும் ஆழ்நீரும் காணப்படுகின்றன. அவை படைக்கப்பட்ட செய்தி வெளிப்படக் கூறப்படவில்லை. பின் நிகழ்வன பிரித்தலும் ஒழுங்குபடுத்தலும் பெயரிடலுமே. இல்லது தோன்றாது, உள்ளதே காரியமாய் விரியும் என்னும் சற்காரியவாதத்தோடு இதனை ஒன்றாக்குதல் மிகையாகும். அந்நூலார்க்கு மாயை என்னும் முதற்காரணக் கொள்கை இல்லை. எனினும் சூனியத்திலிருந்து படைப்பு என்பது அம்மூலத்தில் வெளிப்படையாய்க் கிடப்பதன்று என்னும் அளவு துணிதல் தகும்.

இந்நூல் தமிழுக்கு வந்தபோது நிகழ்ந்தது சுவையுடையது. இன்று பெருவழக்கிலுள்ள தமிழ் விவிலியம் ராக்கியாவை 'ஆகாயவிரிவு' என்றும், ஷியோலைப் 'பாதாளம்' என்றும் பெயர்த்தது. ஆகாயம் என்பது ஐம்பூதத்துள் ஒன்று. இடங்கொடுத்தல் அதன் தொழில், ஓசை அதன் குணம். அடித்துப் பரப்பிய தகட்டிற்கு நேர்மாறான பொருள் அது. பாதாளமோ புராணம் கூறும் கீழுலகத்தின் பெயர். இங்ஙனம் எபிரேயரின் திண்வானம் தமிழில் வெட்டவெளியாயிற்று. அவர்தம் நிழலுலகம் புராணப் பெயர் பூண்டது. 'விரிவு' என்ற சொல்லைப் பற்றிக்கொண்டு, 1929-இல் ஹபிள் வெளியிட்ட அண்டவிரிவே மோசே நூலிற் கூறப்பட்டது என்பாரும் உளராயின், அவர் மொழிபெயர்த்தார் தெரிந்தெடுத்த சொல்லை மூலத்தின்மேல் ஏற்றுவாராவர்.

இவ்விரண்டு உலகக்காட்சிகளும் எதிரெதிர் நின்ற இடம் யாழ்ப்பாணம். அங்கே வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் 1823-இல் ஒரு கல்விச்சாலை நிறுவினர். அதன் தலைவர் தானியேல் பூர், 1829-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்துச் சந்திரகிரகணத்தைப் பற்றிப் பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரியார் குறித்த கணக்கு பிழைபடுமென முன்னறிவித்துக் காட்டினார். பஞ்சாங்கம் பிழைபட்டது எனவே, மேருவும் ஏழு தீவும் ஏழு கடலும் கூறும் புராணமும் வீழ்ந்தது என்று மிஷனார் வாதித்தனர். கந்தபுராணத்தைக் கோயில்தோறும் படித்துப் பயன் சொல்லும் நாட்டில், அப்புராணத்து அண்டகோசப்படலத்தைத் தாக்குதல் சிறிய அடியன்று. ஆயினும் கிரகணக்கணிதம் வேறு, அண்டகோசம் வேறு. சோதிட சித்தாந்த நூலார் பூமியை உருண்டையெனக் கொண்டே நெடுங்காலமாகக் கிரகணம் கணித்து வந்தனர். கருவியின் நுட்பத்தில் ஒருவர் வென்றார், ஒருவர் தோற்றார், அத்துணையே. மேருவை அளந்த அதே கோலால் வானத்து மதகுகளையும் பூமியின் தூண்களையும் அளந்தாரல்லர் என்பதே அவ்வாதத்தின் குறை.

கோலை மாற்றிப் பிடிக்கக் கற்றவர் ஆறுமுக நாவலர். பேர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தமையால் அந்நூல் அவர்க்கு நன்கு பயின்றிருந்தது. 1854-இல் வெளிவந்த சைவதூஷணபரிகாரத்தில், சைவரிடம் பழிக்கப்பட்ட விளக்கும் தூபமும் படையலும் எருசலேம் கோயிலிலும் இருந்தமையை அந்நூலைக் கொண்டே காட்டினார். அவ்வாண்டிலேயே, வட்டுக்கோட்டையில் வானநூல் கற்பித்த ஹோய்சிங்டன் பாதிரியார் சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்திற் பெயர்த்து அமெரிக்கக் கீழ்நாட்டுக் கழகத்து ஏட்டில் வெளியிட்டார். புராணத்து உலகப்படத்தை மறுத்த கூட்டத்தாருள் ஒருவரே தத்துவ நூலை உழைத்துப் பெயர்க்கத்தக்கதாகக் கண்டனர் என்பது நோக்கற்பாலது.

அஃதேல், நூலின் ஓரிடம் பிழைபடின் முழுதும் பிழைபடாதோ எனின், கூறுதும். காண்டல் கருதல் உரை என்னும் அளவைகட்கு விடயம் வெவ்வேறு. கடலின் எண்ணும் மலையின் உயரமும் காட்சிக்கும் கருதலுக்கும் உரியன. அவற்றில் உரையளவை காட்சியை மறுத்து நிற்க வேண்டுவதில்லை. உலகம் தோன்றி நின்று ஒடுங்குதலின் அதனை நிகழ்த்தும் முதல்வன் உண்டு என்னும் சிவஞானபோதத்து முதற்சூத்திர அனுமானத்திற்கு, உலகம் தட்டையாயினும் உருண்டையாயினும் ஒக்கும். கலிலேயோவை 1633-இல் தண்டித்த ரோமச் சபை, அக்காலத்து நீதிபதிகள் செய்த பிழையை 1992-இல் வெளிப்பட ஒப்பியது. அளவைகளின் எல்லையை உணர அவர்க்கு 359 ஆண்டு வேண்டியிருந்தது. புராணத்துள் இன்றைய விஞ்ஞானம் முழுதும் உண்டென்று முழங்கும் சைவர் இதில் அவரினும் விரைந்து தேறினாரல்லர்.

ஊத்தங்கரைக்கு வடகிழக்கே, சவ்வாது மலையிற் காவலூரில் உள்ள வானாய்வுக் கூடத்தில் 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. அங்கே வியாழனுக்கும் யுரேனசுக்கும் அப்பால் நோக்குவார் கண்ணுக்கு ராக்கியாவும் தென்படாது, மேருவும் தென்படாது. சைவர்க்கு இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அதனை மறைத்தல் ஆகாது. அண்டகோசத்தைப் புராணக் கவியென்று விடுத்தாலும், ஆகமங்கள் கூறும் 224 புவனங்களை அங்ஙனம் விடுத்தல் இயலாது. நிவிர்த்தி கலையில் 108, பிரதிட்டையில் 56, வித்தையில் 27, சாந்தியில் 18, சாந்தியதீதத்தில் 15 என அவை எண்ணப்படுதல் தீக்கையின் பொருட்டு. புவனந்தோறும் கிடக்கும் வினையை மாணாக்கன்மாட்டுக் குரு சோதித்துக் கழித்தற்கு அவ்வெண் வேண்டப்படுகின்றது. சாலமோனும் தன் கோயில் முற்றத்தில், பன்னிரண்டு எருதுகள் தாங்கப் பத்து முழ அகலமுள்ள வெண்கலத் தொட்டியொன்றை வைத்து, அதற்குக் 'கடல்' என்றே பெயரிட்டான். குருக்கள் அதில் நீராடித் தூய்மை பெற்றனர். அக்கடலின் ஆழத்தைப் பூமியின் கடலோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் ஒருவரும் இலர்.