ஆலயத்தில் போடும் 50 ரூபாய் எங்கே போகிறது? பழைய துணி மூட்டை ஏன் வேண்டாம்? சுனாமி சொன்ன பாடம்

ஜேடர்பாளையம்:-

எங்கோ பூமி குலுங்குகிறது. எங்கோ வெள்ளம் ஊரையே அடிச்சிட்டுப் போகிறது. டி.வி.யில் பார்த்து மனசு பதறுகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் தனி காணிக்கை எடுக்கிறார்கள். வெல்ல ஆலை கூலி, கோழிப்பண்ணை தொழிலாளி, லாரி கிளீனர் என எல்லோரும் தங்களால் முடிந்த 10 ரூபாய், 50 ரூபாயைப் போடுகிறார்கள்.

அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது? இந்தக் கேள்விக்கு பதில் தெரிய வேண்டும் என்றால் 2004-ம் ஆண்டு சுனாமியில் இருந்து தொடங்க வேண்டும்.

மறுநாள் வந்த எமன்

2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலை 6.28 மணிக்கு இந்தோனேசியாவின் சுமத்ரா தீவு அருகே கடலுக்கு அடியில் பயங்கர பூகம்பம். சுமார் இரண்டரை மணி நேரத்தில் ராட்சத அலைகள் தமிழக கடற்கரையைச் சுருட்டின.

தமிழகத்தில் சுமார் 8 ஆயிரம் பேர் பலியானார்கள். இதில் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும். வேளாங்கண்ணியில் மாதா ஆலயம் தப்பியது. ஆனால் கடற்கரைப் பக்கம் இருந்த வெளியூர் பக்தர்களும் கடைக்காரர்களும் நூற்றுக்கணக்கில் செத்துப் போனார்கள்.

ஜேடர்பாளையத்தில் இருந்து நாகை சுமார் 250 கி.மீ. தூரம். ஆனாலும் நம்ம படுகை அணையைத் தாண்டி ஓடும் காவிரி, பூம்புகாரில் போய் கலப்பது அதே கடலில்தான்.

மலை போல குவிந்த துணி

செய்தி கேட்டதும் நாடு முழுவதும் இருந்து லாரி லாரியாக உதவி வந்தது. அரிசி, பிஸ்கட், தண்ணீர் வந்தது. கூடவே வந்தது பழைய துணி.

நாகையில் சாலை ஓரமெல்லாம் துணி மூட்டைகள் குவிந்தன. மழையிலும் மண்ணிலும் கிடந்து நாறின. மீனவ மக்கள் அதைத் தொடவில்லை. காரணம் ரொம்ப சிம்பிள். முந்தின நாள் வரை படகு வைத்து நாலு பேருக்கு கூலி கொடுத்தவன், மறுநாள் ஊரான் கழித்துப் போட்ட சட்டையை மாட்டிக்குவானா? கடைசியில் அந்தக் குப்பையை அள்ளவே ஆளும் வண்டியும் தேட வேண்டி வந்தது.

அவர்களுக்குத் தேவைப்பட்டது சமைக்கப் பாத்திரம், படுக்கப் பாய், தலைக்கு மேலே கூரை. அப்புறம் வலை, படகு, என்ஜின். உப்புத் தண்ணீர் புகுந்த வயல்களில் வேலை போன விவசாயக் கூலிகளுக்கோ வேறு தேவை. எந்த ஊருக்கு என்ன வேண்டும் என்று பார்த்துப் பிரித்து அனுப்புவதற்காகவே நாகையில் தொண்டு நிறுவனங்களுக்கு ஒருங்கிணைப்பு மையம் ஏற்படுத்தினார்கள்.

காணிக்கை போகும் வழி

இங்கேதான் ரொக்கப் பணத்தின் அருமை தெரிகிறது. பணமாக வந்தால் பக்கத்து ஊரிலேயே தேவையானதை வாங்கலாம். லாரி வாடகை மிச்சம். அழிந்து போன ஊர்க் கடைக்காரருக்கும் வியாபாரம்.

சேலம், நாமக்கல் மாவட்ட கத்தோலிக்க ஆலயங்கள் 1930-ல் ஏற்பட்ட சேலம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. பேரிடர் சமயத்தில் பொதுவாக நடப்பது இதுதான். ஆயரின் சுற்றறிக்கை எல்லா பங்குகளுக்கும் வரும். திருப்பலியில் அதைப் படிப்பார்கள். சேர்ந்த காணிக்கையை எண்ணி மறைமாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து காரித்தாஸ் இந்தியாவுக்கோ, பாதிக்கப்பட்ட பகுதி மறைமாவட்டத்துக்கோ போகும்.

காரித்தாஸ் இந்தியா, கத்தோலிக்க ஆயர்கள் 1962-ல் தொடங்கிய அமைப்பு. களத்தில் இறங்கி வீடு வீடாகக் கணக்கெடுப்பது உள்ளூர் சமூக சேவை சங்கங்கள். நாகை பக்கம் என்றால் தஞ்சை மறைமாவட்ட பல்நோக்கு சமூக சேவை சங்கம். குமரி பக்கம் என்றால் கோட்டாறு சமூக சேவை சங்கம்.

மதம் பார்ப்பார்களா?

பார்க்கக் கூடாது என்பதுதான் விதி. செஞ்சிலுவை அமைப்பும் சர்வதேச காரித்தாஸ் உள்ளிட்ட தொண்டு அமைப்புகளும் 1994-ல் ஒரு நடத்தை விதி கொண்டு வந்தன. உதவிக்கு தேவை மட்டுமே அளவுகோல். இனம், மதம் பார்க்கக் கூடாது. உதவியைக் காட்டி மதத்தையோ கட்சியையோ வளர்க்கக் கூடாது.

வாங்கிய கை கொடுத்தது

2018 ஆகஸ்டில் கேரளாவை வெள்ளம் மூழ்கடித்தது. அப்போது ஓடி வந்தவர்கள் யார் தெரியுமா? 2004-ல் சுனாமியில் அடிபட்ட அதே கேரளக் கடற்கரை மீனவர்கள்தான். படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள். சுமார் 65 ஆயிரம் பேரை மீட்டார்கள். அவர்கள் கொடுத்தது பணம் இல்லை, படகும் உழைப்பும்.

நீங்க என்ன செய்யலாம்?

ஆலயத்தில் போட்டாலும் சரி, முதல்வர் பொது நிவாரண நிதிக்கு அனுப்பினாலும் சரி, பணமாகக் கொடுப்பதே நல்லது. தனியாகக் கொடுத்தால் ரசீது கேட்டு வாங்குங்க. "போன தடவை சேர்ந்த பணம் எவ்வளவு, எங்கே போச்சு?" என்று பங்கிலோ சங்கத்திலோ கேட்பது தப்பே இல்லை. கொடுத்தவருக்கு அந்த உரிமை உண்டு.

துணிதான் கொடுப்பேன் என்றால் ஒரே ஒரு கேள்வி. இந்தச் சட்டையை நாளைக்கு நம்ம பிள்ளைக்குப் போட்டு வெளியே அனுப்புவோமா? மாட்டோம்னா, மூட்டையில் வைக்காதீங்க.