ஜெயித்த கையோடு வேலை போச்சு!

2025 மார்ச் 25. ரியாத்தில் வடகொரியாவுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம். 98ஆவது நிமிடத்தில் சுல்தான் ஆதில் அடித்த கோலால் ஐக்கிய அரபு அமீரகம் 2-1 என்று ஜெயித்தது. மறுநாளே பயிற்சியாளர் பாவ்லோ பென்டோவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தோற்றால் வேலை போகும் என்பது உலகமெங்கும் உள்ள வழக்கம். ஜெயித்தும் போனது பென்டோவுக்கு.

வளைகுடாவில் பிழைப்பு நடத்தும் தமிழர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. இங்கே எல்லாருடைய இருப்பும் விசாவில்தான் தொங்குகிறது. கோச்சின் விசாவில் சைபர்கள் கூடுதல், அவ்வளவுதான். அமீரக அணி முதல் சர்வதேச ஆட்டத்தை 1972 மார்ச்சில் ரியாத்தில் ஆடியது. வளைகுடாக் கோப்பை, எதிரில் கத்தார், 1-0 வெற்றி. அன்று பொறுப்பில் இருந்தவர் எகிப்தின் முகமது ஷெஹாத்தா. அவருக்குப் பிறகு, தற்காலிகமாக வந்தவர்களையும் சேர்த்தால், முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள். அதில் உலகப் பிரபலங்களுக்குக் குறைவே இல்லை. உக்ரைனின் லோபனோவ்ஸ்கி, போர்ச்சுகலின் கார்லோஸ் கெய்ரோஸ், இங்கிலாந்தின் ராய் ஹாட்ஜ்சன் என்று பட்டியல் நீளும். பெயரைச் சொன்னால் ஐரோப்பியக் கால்பந்து ரசிகன் எழுந்து நிற்பான்.

முதலில் பரபரப்பைக் கொண்டுவந்தவர் டான் ரெவி. 1977இல் அவர் இங்கிலாந்து அணியின் மேனேஜர். அணி தென்னமெரிக்கப் பயணத்துக்குக் கிளம்பிய நேரத்தில், இவர் துபாய்க்கு வந்து பேரம் முடித்தார். நான்கு ஆண்டுக்கு 3,40,000 பவுண்டு, வரி கிடையாது. ராஜினாமா செய்தியை இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் அறிவதற்கு முன்பே பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார். துரோகி என்றார்கள், பத்து ஆண்டு தடை போட்டார்கள். அந்தத் தடையை 1979இல் நீதிமன்றம் நீக்கியது. ரெவி அமீரகத்தில் பெரிய கோப்பை எதையும் வெல்லவில்லை. ஆனால் எண்ணெய்ப் பணம் ஐரோப்பியக் கால்பந்தையே அசைக்கும் என்பதை, மான்செஸ்டர் சிட்டியை அபுதாபி வாங்குவதற்கு முப்பது வருடம் முன்னாலேயே காட்டிவிட்டார்.

பிறகு வந்தது பிரேசில் காலம். இந்தக் கதையின் சாறு இங்கேதான் இருக்கிறது. 1970இல் உலகக் கோப்பையை வென்ற பிரேசில் அணிக்கு மாரியோ ஜகாலோ பயிற்சியாளர். கார்லோஸ் ஆல்பர்ட்டோ பரேரா உடற்பயிற்சி பார்த்தவர். இருவரும் வளைகுடாவையே ஒரு சுற்றுச் சுற்றியவர்கள். குவைத்தில் ஜகாலோ விட்ட இடத்தில் பரேரா தொடர்ந்தார். 1980 ஆசியக் கோப்பையை வென்றார், 1982 உலகக் கோப்பைக்கும் குவைத்தைக் கூட்டிப்போனார். அமீரகத்தில் முறை மாறியது. 1984 முதல் 1988 வரை பரேரா. அவர் செதுக்கிய அணியை ஜகாலோ கையில் எடுத்தார்.

1989 அக்டோபர், சிங்கப்பூர். ஆறு அணிகளில் இரண்டுக்குத்தான் இத்தாலி உலகக் கோப்பைக்கு டிக்கெட். ஐந்து ஆட்டத்தில் அமீரகம் ஜெயித்தது ஒன்றே ஒன்று. அது சீனாவுக்கு எதிரானது; கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் அடித்து 2-1. மீதி நான்கும் டிரா. கடைசி ஆட்டத்தில் தென்கொரியாவுக்கு எதிராக அத்னான் அல் தல்யானி அடித்த கோல் அமீரகத்தை இரண்டாம் இடத்தில் உட்கார வைத்தது. மக்கள்தொகை இருபது லட்சத்தையும் தொடாத நாடு உலகக் கோப்பைக்குப் போனது. சாதித்துக் கொடுத்த ஜகாலோ என்ன ஆனார்? 1990 பிறந்ததுமே வேலை போனது. போலந்தின் பெர்னார்ட் பிளாவுட் சில மாதம் வந்து போனார். கடைசியில் பழைய பரேராவையே திரும்பக் கூப்பிட்டார்கள்.

இத்தாலியில் மூன்றும் தோல்வி. கொலம்பியாவிடம் 0-2, மேற்கு ஜெர்மனியிடம் 1-5, யூகோஸ்லாவியாவிடம் 1-4. மிலானில் ஜெர்மனிக்கு எதிராக காலித் இஸ்மாயில் அடித்த கோல்தான் உலகக் கோப்பையில் அமீரகத்தின் முதல் கோல். கோல் அடிப்பவர்களுக்கு ரோல்ஸ்ராய்ஸ் பரிசு என்று ஒரு கதை அப்போதிலிருந்தே உலவுகிறது. கதை காரைவிட நன்றாக ஓடுகிறது! போட்டி முடிந்ததும் பரேராவும் வெளியே. நான்கு வருடம் கழித்து அமெரிக்காவில் அதே பரேரா பயிற்சியாளராகவும், அதே ஜகாலோ ஒருங்கிணைப்பாளராகவும் நின்று பிரேசிலுக்கு உலகக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார்கள். இருவரும் அபுதாபியில் ‘போதாது’ என்று அனுப்பப்பட்டவர்கள்.

அமீரகத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சவூதி அரேபியா 1998 உலகக் கோப்பையில் இரண்டு ஆட்டம் தோற்றதும், மூன்றாவது ஆட்டத்துக்கு முன்பே பரேராவை நீக்கியது. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே! அதே சவூதி 1984இல் ஜகாலோவை அனுப்பிவிட்டு, உள்ளூர்க்காரரான கலீல் அல் ஸயானியிடம் அணியைக் கொடுத்தது. அந்த ஆண்டே ஆசியக் கோப்பை கிடைத்தது. அந்தப் பாடத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அமீரகத்துக்கு ஆசியக் கோப்பை கையருகே வந்தது 1996இல். சொந்த மண்ணில், குரோஷியாவின் தோமிஸ்லாவ் இவிச் பயிற்சியில் இறுதிவரை வந்து, சவூதியிடம் பெனால்ட்டி ஷூட் அவுட்டில் தோற்றது. அதன்பின் பத்தாண்டு வறட்சி. டிக் அட்வகாட் 2005இல் வந்த சில வாரத்திலேயே தென்கொரியாவின் அழைப்பு வந்ததும் கிளம்பிவிட்டார். ஆக, கதவு இரண்டு பக்கமும் திறக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 2002இல் செனகலை வைத்து பிரான்ஸைத் தோற்கடித்த புருனோ மெட்ஸு வந்த பிறகுதான் 2007 ஜனவரியில் முதல் வளைகுடாக் கோப்பை அபுதாபியில் கிடைத்தது. இறுதியில் ஓமனை வீழ்த்திய ஒற்றைக் கோல் இஸ்மாயில் மத்தருடையது.

இத்தனை வெளிநாட்டுப் பெயர்களுக்கு நடுவே என் கணக்கில் முதலிடம் ஒரு உள்ளூர்க்காரருக்கு. மஹ்தி அலி, படிப்பால் பொறியாளர். 2008இல் 19 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பையை வென்ற அணி அவருடையது. தொடரின் சிறந்த வீரர் அகமது கலீல். அடுத்த ஆண்டு இளையோர் உலகக் கோப்பையில் காலிறுதி. 2010 ஆசிய விளையாட்டில் வெள்ளி. 2012இல் லண்டன் ஒலிம்பிக்ஸ். பையன்கள் வளர வளர அவரும் கூடவே மேலே ஏறினார். 2012இல் தேசிய அணிக்கே வந்து சேர்ந்தபோது, எந்தப் பையன் எந்தக் காலால் அடிப்பான், யாரைத் திட்டினால் ஆடுவான், யாரைத் தட்டிக்கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். 2013 ஜனவரியில் பஹ்ரைனில் ஈராக்கை வென்று இரண்டாவது வளைகுடாக் கோப்பை. 2015 ஆசியக் கோப்பைக் காலிறுதியில், நடப்புச் சாம்பியன் ஜப்பானைப் பெனால்ட்டியில் வெளியேற்றினார்கள். அந்த நெருக்கடியில் உமர் அப்துல்ரஹ்மான் பந்தை மெல்லத் தூக்கிவிட்டு கோல் போட்ட துணிச்சலை யூடியூபில் இன்றும் பார்க்கலாம். கடைசியில் மூன்றாம் இடம்.

நமக்கும் இப்படி ஒருவர் இருந்தார். ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீம், பள்ளி ஆசிரியர். 1950 முதல் 1963இல் இறக்கும்வரை அவர் பார்த்துக்கொண்ட இந்திய அணி இரண்டு ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்றது, 1956 ஒலிம்பிக்ஸில் நான்காம் இடம் பிடித்தது. அதற்குப் பிறகு வந்த எந்தக் கோச்சுக்கும் அவ்வளவு அவகாசம் நாமும் கொடுக்கவில்லை.

மஹ்தி அலி 2017 மார்ச்சில், ஆஸ்திரேலியாவிடம் தோற்றதும் தானே விலகினார். உடனே பழைய சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. அர்ஜென்டினாவின் பௌசா சில மாதம். ஜப்பானுக்கு 2011இல் ஆசியக் கோப்பை வாங்கிக் கொடுத்த இத்தாலிக்காரர் ஸாக்கரோனி அடுத்து வந்தார். 2019 ஜனவரியில் ஆசியக் கோப்பையில், அபுதாபியின் ஸாயித் ஸ்போர்ட்ஸ் சிட்டியில் இந்தியாவை 2-0 என்று வென்றது அவர் அணிதான். நம்மவர்கள் கொடியோடு திரண்டிருந்த அந்த இரவில், இரண்டு முறை பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியதை நினைத்தால் இப்போதும் வயிறு எரியும். ஆனால் அரையிறுதியில் கத்தாரிடம் 0-4. மைதானத்தில் செருப்பு பறந்தது. ஸாக்கரோனியும் பெட்டியைக் கட்டினார்.

அடுத்த கட்டத்தைப் பாருங்கள். 2019 மார்ச்சில் நெதர்லாந்தின் வான் மார்விக் வந்தார், டிசம்பரில் நீக்கம். செர்பியாவின் இவான் ஜோவனோவிச் வந்தார். கொரோனாவால் ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை, அவரையும் அனுப்பினார்கள். கொலம்பியாவின் பின்ட்டோ சில நட்பு ஆட்டங்களோடு சரி. 2020 டிசம்பரில் மறுபடி யார்? அதே வான் மார்விக்! 2022 பிப்ரவரியில் அவருக்கு இரண்டாவது முறையாக நீக்க உத்தரவு.

பென்டோ போன பிறகு வந்தவர் ருமேனியாவின் கோஸ்மின் ஒலரோயு. 2025 நவம்பரில் ஈராக்கிடம் பஸ்ராவில் கடைசி நேரப் பெனால்ட்டியில் தோற்றதோடு, 48 அணிகளாகப் பெருகிய 2026 உலகக் கோப்பைக்கும் அமீரகம் போகவில்லை. 1990க்குப் பிறகு ஒருமுறைகூட இல்லை.

ஒரு பெயரை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். ஸ்லோவேனியாவின் ஸ்ரெச்கோ கட்டானெச். 2009இல் அமீரகம் அவரை எடுத்தது; 2011இல் குவைத்திடமும் லெபனானிடமும் அடுத்தடுத்துத் தோற்றதும் நீக்கியது. பத்தாண்டு கழித்து 2021இல் உஸ்பெகிஸ்தான் அவரை எடுத்து, மூன்று ஆண்டுக்கு மேல் விட்டுவைத்தது. உடல்நலம் குன்றி அவர் 2025 ஜனவரியில் விலகியபோது, உள்ளூர்க்காரரான திமூர் கபாட்ஸே அதே அணியைத் தொடர்ந்தார். அந்த ஜூன் 5ஆம் தேதி உஸ்பெகிஸ்தான் வரலாற்றில் முதல்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அந்த ஆட்டம் நடந்தது அபுதாபியில். 0-0 என்று டிரா செய்த எதிரணி அமீரகம்.