இல்லறத்தில் ஆணின் பங்கு



ஓசூர் மாநகராட்சியின் எல்லைக்குள் இன்று அடங்கியிருக்கும் மூக்கண்டப்பள்ளி, முன்னர் கேழ்வரகு விளைந்த சிற்றூர். சிப்காட் நிறுவனம் இங்கே தொழில் வளாகம் அமைத்த பின்னர் அதன் உருவமே மாறிவிட்டது. ஆலைகளின் வேலை முறைக்கேற்ப விழித்துறங்கும் ஊராக அது இன்று இருக்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலித்து வந்த இவ்விடத்தில் இப்போது இந்தியும் ஒடியாவும் கேட்கின்றன. 'லைன் வீடு' என்று வழங்கும் ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்ட வரிசை வீடுகளில், மணமாகிச் சில திங்களே ஆன இளந் தம்பதியர் பலர் குடியிருக்கின்றனர். அவர்கள் அருகே தாயுமில்லை, மாமியாருமில்லை.

பெரியவர்கள் உடனிருந்த காலத்தில் மட்டும் இல்லற உடல்நலத்தைப் பற்றி யார் யாருக்கு விளக்கமாகச் சொன்னார்கள் என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் பேறுகாலத்தில் கைகொடுக்கவேனும் ஒருவர் இருந்தார். இன்று அந்த வெற்றிடத்தைத் தொலைபேசி வழி வரும் அறிவுரைகளும், பேருந்து நிலையச் சுவர்களில் 'ஆண்மைக் குறைவா?' என்று மிரட்டும் விளம்பரங்களும் நிரப்புகின்றன. அந்த விளம்பரங்களுக்கு உரியவர் இன்ன நாளில் இன்ன விடுதியில் தங்கியிருப்பார். அடுத்த நாள் வேறோர் ஊரில் இருப்பார். அவரிடம் பணத்தை இழந்தவர்கள் வெட்கத்தால் வாய் திறப்பதில்லை.

இப்பகுதியில் மருத்துவம் பார்த்து வரும் நான், ஆண்டுதோறும் கண்டு வியக்கும் செய்தி ஒன்று உண்டு. கருத்தடை, கருவுறாமை, மேகநோய் ஆகிய எதுவாயினும் மருத்துவர் முன் வந்து அமர்பவள் பெண்ணே. கணவன் வெளியே இருசக்கர வண்டியருகில் நிற்பான். இது என் கண்ணுக்கு மட்டும் பட்ட காட்சி அன்று. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் அறுவை செய்துகொண்ட தம்பதியரோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, ஆயிரத்துக்கு மூவரே. தமிழ்நாட்டில் நூறு பெண்களுக்கு 58 பேர் வரை இந்த அறுவைக்கு உட்பட்டிருக்கிறார்கள். ஆண்களின் எண்ணிக்கையோ இந்திய அளவையும் எட்டவில்லை.

இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பதை ஒரு குடும்பத்தின் வழியே சொல்கிறேன். மூக்கண்டப்பள்ளி லைன் வீடொன்றில் வாழ்ந்த இளம்பெண். இரண்டு பிள்ளைகள், இரண்டும் வயிற்றறுவையால் பிறந்தவை. உடலில் இரத்தம் குறைவு. இனிக் குழந்தை வேண்டாம் என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. "அறுவையை நீங்களே செய்துகொள்ளலாமே?" என்று அவள் கணவரிடம் கேட்டேன். அவர் தயங்கினார். "எனக்கு ஆட்சேபணை இல்லைங்க டாக்டர். ஊரிலிருந்து அம்மாதான், பாரம் தூக்கிச் சம்பாதிக்கிற உடம்புடா, அதில் கத்தி வைக்காதே என்கிறார்கள்" என்றார். அந்த அம்மாள் மகன்மீது கொண்ட அன்பில் ஐயமில்லை. ஆனால் மருமகளும் மின்னணு ஆலையில் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்பவள். வீடு திரும்பித் தண்ணீர்க் குடம் தூக்குபவள். அவளுடைய உடம்பு கணக்கில் வரவில்லை.

இந்த அச்சத்துக்கு உடற்கூற்றில் இடமுண்டா? ஆணின் விதைகள் இரண்டு தொழில்களைச் செய்கின்றன. ஒன்று, விந்தணுக்களை ஆக்குதல். அவை மெல்லிய குழாய் வழியே மேலே செல்கின்றன. மற்றொன்று, குரலுக்கும் மீசைக்கும் தசை வலிமைக்கும் இல்லற வேட்கைக்கும் காரணமான ஹார்மோனைச் சுரத்தல். இது குழாய் வழியே செல்வதில்லை. நேரே இரத்தத்தில் கலக்கிறது. அறுவையில் வெட்டிக் கட்டப்படுவது குழாய் மட்டுமே. ஆதலால் ஹார்மோன் முன்போலவே சுரக்கும். விந்து நீரும் வற்றிவிடாது. அதன் பெரும்பகுதி வேறு சுரப்பிகளிலிருந்து வருவது. விந்தணுக்களின் பங்கு மிகச் சிறிதே. வாய்க்காலின் ஒரு கிளை மடையை அடைத்தால் ஏரி வற்றிவிடுமோ என்று உழவர் எவரும் அஞ்சுவதில்லை, இதுவும் அத்தகையதே.

பெண்ணின் கருக்குழாய் வயிற்றறைக்குள் இருக்கிறது. சிறு துளை வழியே செய்தாலும் வயிற்றுக்குள் கருவி நுழைந்தாக வேண்டும். ஆணின் குழாயோ தோலுக்கு அடியிலேயே கைக்குத் தட்டுப்படுகிறது. 1974இல் சீன மருத்துவர் லீ ஷுன்சியாங் கத்தியால் கீறாமல், கூர்முனைக் கருவியால் நுண்துளை மட்டும் இட்டுச் செய்யும் முறையைக் கண்டார். இடத்தை மரக்கச் செய்து சுமார் இருபது நிமிடத்தில் முடித்துவிடலாம், தையலும் வேண்டாம். இரண்டு நாள் ஓய்வு போதும். கனமான பாரத்தை ஒரு வாரம் தவிர்க்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்கலாகாது. குழாயின் மேற்பகுதியில் முன்னரே தங்கிய அணுக்கள் தீரும் வரை, அதாவது மூன்று மாதம், வேறு தடுப்பு முறை வேண்டும். அதன்பின் விந்தைச் சோதித்து உறுதி செய்ய வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டதால் மனைவி கருவுற்று, அவள்மீது வீண்பழி விழுந்த குடும்பங்கள் உண்டு. மீண்டும் குழாயை இணைப்பது எளிதன்று. எனவே இனிக் குழந்தை வேண்டாம் என்று இருவரும் துணிந்த பின்னரே இதற்கு வரவேண்டும்.

இந்த நாட்டில் ஆண்கள் எப்போதும் இப்படி ஒதுங்கி நின்றவர்கள் அல்லர். ஓசூருக்கு அப்பால் எல்லை கடந்தால் வரும் பழைய மைசூர் சமஸ்தானம், 1930இலேயே அரசு மருத்துவமனைகளில் கருத்தடை ஆலோசனை நிலையங்களைத் திறந்தது. அரசே நடத்திய இத்தகைய நிலையங்களுள் உலகில் இவையே முதலானவை என்பர். 1952இல் இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டை நாட்டுத் திட்டமாக மேற்கொண்டது. சென்னை மாநிலத்தில் 1950களின் பிற்பகுதியில், தலைமைச் செயலாளராக இருந்த ஆர். ஏ. கோபாலசுவாமி அறுவை முறையை வற்புறுத்தினார். 1960களில் இந்தியாவில் நடந்த கருத்தடை அறுவைகளுள் ஆண்களுக்குச் செய்யப்பட்டவையே மிகுதி. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்கள் செய்துகொண்டனர்.

பிறகு வந்தது நெருக்கடி நிலை. 1976-77இல் ஏறத்தாழ 82 லட்சம் பேருக்கு அறுவை நடந்தது. அவர்களுள் 62 லட்சம் பேர் ஆண்கள். குறிப்பாக வடமாநிலங்களில் கட்டாயமும் மிரட்டலும் தலைவிரித்தாடின. அந்தக் கசப்பால் திட்டம் ஆண்களை விட்டு விலகிப் பெண்கள்பால் சென்றது. சென்றது திரும்பவே இல்லை. அதன் விலை என்ன? 2014 நவம்பரில் சத்தீசுகரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் 83 பெண்களுக்குச் சில மணி நேரத்தில் அறுவை செய்தனர். அவர்களுள் பலர் மாண்டனர். 2016இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் கைவிடுமாறு ஆணையிட்டது. ஆணுக்குச் செய்தாலும் பெண்ணுக்குச் செய்தாலும், கட்டாயமும் அவசரமும் மருத்துவம் ஆகா என்பது என் உறுதியான கருத்து.

ஆணின் பங்கு அறுவையோடு முடிவதன்று. குழந்தைகளுக்கு இடைவெளி விடக் காப்பர்-டி, ஊசி, மாத்திரை எனப் பல வழிகள் உண்டு. அத்தனையும் பெண் உடலுக்கே உரியவை. ஆணுறை ஒன்றுதான் ஆண் ஏற்கும் தற்காலிக முறை. 1968இல் 'நிரோத்' என்ற பெயரில் அரசு அதைச் சிறு கடைகளிலும் கிடைக்கச் செய்தது. கருவை மட்டுமன்றி நோயையும் தடுப்பது அதன் தனிச் சிறப்பு.

நோய் என்று வரும்போது கணவன் வெளியே நிற்பது பெருந்தீங்கு. மேகநோய்க்கு மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்தால், அவள் குணமடைந்த பின் அதே நோயை மீண்டும் பெறுவாள். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமியை முதன்முதலாகக் கண்டறிந்தனர். இன்று கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் அச்சோதனை உண்டு. தக்க மருந்தால் குழந்தைக்குப் பரவாமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம். கணவரும் உடன் சோதித்துக்கொண்டாலே அப்பாதுகாப்பு முழுமையாகும். கருவுறாமையிலும் ஏறத்தாழப் பாதித் தம்பதியரிடத்தில் ஆணின் குறைபாட்டுக்கும் பங்குண்டு. விந்துச் சோதனை எளியது, செலவு குறைந்தது. இருந்தும் மனைவி பல சோதனைகளுக்கு உட்பட்ட பின்னரே கணவர் அதற்கு இசைகிறார்.

நான் சொன்ன அந்தக் கணவர் ஒரு சனிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். அன்னையிடம் என்ன சொன்னார் என்பதை நான் கேட்கவில்லை. செவ்வாயன்று ஆலைக்குச் சென்றார். பாரம் தூக்காத பகுதியில் ஒரு வாரம் வேலை கேட்டுப் பெற்றார். மூன்றாம் மாதச் சோதனைக்கு இருவருமாக வந்தனர். இம்முறை அவர் வண்டியருகில் நிற்கவில்லை.

உங்களுள் பலர் நாளை இத்தகைய தொழில் ஊர்களில் குடும்பம் நடத்தப் போகிறவர்கள். ஐயம் எழுந்தால் அரசு மருத்துவமனையின் 'நம்பிக்கை மைய'த்தில் கேட்கலாம். சோதனைக்குக் கட்டணம் இல்லை, செய்தி வெளியே செல்லாது. மருத்துவமனைக்கு நேரே செல்லத் தயங்குவோர் 1097 என்ற இலவச எண்ணில் எச்.ஐ.வி., மேகநோய் பற்றிப் பேசலாம். பெயரைச் சொல்ல வேண்டியதும் இல்லை.