பிரேக் பிடித்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கும்?

சென்னையின் பாடிப் பகுதிக்குச் சக்கரமும் பிரேக்கும் புதியவை அல்ல. வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று 1960-களின் தொடக்கத்தில் அடுத்தடுத்து உருவான ஆலைகள் இந்த ஊரின் முகத்தையே மாற்றின. சங்கு ஊதும் நேரத்தை வைத்து நாளை அளந்த குடும்பங்கள் இங்கே உண்டு. அப்படிப்பட்ட ஒரு வீட்டில் பிளஸ் ஒன் படிக்கும் பெண் இயற்பியல் கணக்கு ஒன்றில் சிக்கி நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

கணக்கு இதுதான்: சமதளச் சாலையில் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக்கில் பிரேக் பிடித்ததும் இரண்டு சக்கரங்களும் சுழலாமல் வழுக்குகின்றன. டயருக்கும் சாலைக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.5. பைக் எவ்வளவு தூரம் போய் நிற்கும்?

அவள் முதலில் தேடுவது பைக்கின் நிறையை. அது கணக்கில் இல்லை. உடனே கைடைப் புரட்டத் தோன்றும். அல்லது வகுப்புத் தோழியின் நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லத் தோன்றும். இரண்டும் உதவிதான். ஆனால் எந்த உதவி அவளுக்கு இயற்பியலைக் கற்றுத் தரும், எது விடையை மட்டும் தரும் என்பதை ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாக அளந்து பார்த்திருக்கிறார்கள்.

1981-இல் மிஷெலின் சி என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இயற்பியல் கணக்குகளைக் கொடுத்து, ஒரே வகையானவற்றைச் சேர்த்து அடுக்கச் சொன்னார்கள். புதிதாகப் படிக்கும் மாணவர்கள் சாய்தளக் கணக்குகளை ஒரு பக்கமும் சுருள்வில் கணக்குகளை இன்னொரு பக்கமும் வைத்தார்கள். இயற்பியலில் தேர்ந்தவர்களோ ஆற்றல் அழியா விதியால் தீர்பவை, நியூட்டனின் இரண்டாம் விதியால் தீர்பவை என்று பிரித்தார்கள். முதல் கூட்டம் கண்ணுக்குத் தெரிந்த பொருளைப் பார்த்தது, இரண்டாவது கூட்டம் உள்ளே ஓடும் விதியைப் பார்த்தது. கைடில் எழுதியிருக்கும் விடை அந்த விதியைத் தேர்ந்தெடுத்த பிறகே தொடங்குகிறது. எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்ற பேச்சு அதில் பெரும்பாலும் இருக்காது. உடன் உட்கார்ந்து படிப்பவர் தர வேண்டியது அந்தப் பேச்சைத்தான்.

மூன்று பேர் ஒரு மொட்டை மாடியில் உட்கார்ந்து இதே கணக்கைப் போட்டால் பேச்சு இப்படிப் போகும்.

“மாஸ் குடுக்கவே இல்லையேடி, எப்படிப் போடறது?”

“மொதல்ல படம் போடு. வண்டி மேல என்னென்ன விசை இருக்கு?”

கீழே எடை, மேலே சாலை தரும் செங்குத்து விசை, பின்னோக்கி உராய்வு. படத்தில் முன்னோக்கி ஒரு அம்புக்குறியும் போட ஒருத்தி கை நீட்டுவாள். வண்டி முன்னால் போகிறதே என்பது அவள் வாதம். அந்த விசையைத் தருவது எந்தப் பொருள் என்று இன்னொருத்தி கேட்டதும் பதில் இருக்காது, அம்புக்குறி அழியும். இந்த ஒரு நிமிட வாக்குவாதம் நியூட்டனின் முதல் விதியை மனத்தில் ஊன்றிவிடும்.

அதன் பிறகு வேலை சுலபம். உராய்வு விசை நிறையைப் பொறுத்தது. முடுக்கம் காண அதை அதே நிறையால் வகுக்கிறோம். மேலும் கீழும் இருக்கும் நிறை அடிபட்டுப் போகிறது. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால், வேகம் குறையும் வீதம் 5. மணிக்கு 54 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 15 மீட்டர். 15-இன் வர்க்கம் 225, அதை வேகம் குறையும் வீதத்தின் இரு மடங்கான 10-ஆல் வகுத்தால் 22.5 மீட்டர். பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் இந்தக் கணக்கில் விடை மாறாது. மழையில் குணகம் 0.25 ஆகக் குறைந்தால் தூரம் 45 மீட்டர் ஆகிவிடும். குறுக்கே ஆள் வந்ததைப் பார்த்துப் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆனால் இன்னும் 15 மீட்டர் கூடும். கடைசி இரண்டு கேள்விகளும் புத்தகத்தில் இல்லாதவை. கூடிப் பேசும்போதுதான் அவை வரும்.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பட்ரீசியா ஹெல்லரும் உடன் பணியாற்றியவர்களும் 1992-இல் வெளியிட்ட ஆய்வுகள் கூடிப் படிப்பதன் பயனைத் தெளிவாகக் காட்டின. சேர்ந்து போட்ட விடைகள், அந்தக் குழுவின் மிகச் சிறந்த மாணவர் தனியாகப் போட்ட விடைகளைவிட நன்றாக இருந்தன. மூன்று பேர் கொண்ட குழு நன்றாக இயங்கியது. வேலையையும் அவர்கள் பிரித்துக் கொடுத்தார்கள்: ஒருவர் வழிநடத்துவார், ஒருவர் எழுதுவார், மூன்றாமவர் சந்தேகம் கேட்பார். சந்தேகம் கேட்பது ஒரு பொறுப்பாகிவிட்டால், கேட்பவருக்குக் கூச்சம் இருக்காது.

பார்த்து எழுதுவதன் கதை வேறு. எம்.ஐ.டி.யில் டேவிட் பிரிட்சர்டின் குழு கணினி வழியே வந்த வீட்டுப்பாடங்களை ஆராய்ந்து 2010-இல் முடிவுகளை வெளியிட்டது. ஒப்படைக்கும் நேரம் நெருங்க நெருங்கப் பார்த்து எழுதுவது கூடியது. 30 சதவீதத்துக்கு மேல் பார்த்து எழுதியவர்கள் முதல் நாட்களில் கணக்கைத் தொட்டதே குறைவு. பாடத்தில் தோற்கும் வாய்ப்பும் அவர்களுக்கே அதிகம். ஆகவே ஞாயிறு இரவு பத்து மணிக்குக் கேட்கும் உதவியைவிட, வெள்ளி மாலை கேட்கும் உதவி நல்லது.

கூடி உட்கார்ந்து ஒரு சிக்கலைத் தீர்ப்பது பாடிக்குப் பழக்கமான வேலைதான். சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் தர மேலாண்மைக்கான டெமிங் பரிசு பெற்றது. இந்தியாவில் அதை முதலில் பெற்ற நிறுவனம் அதுவே. அந்தத் தரமுறையில் தொழிலாளர்கள் சிறு குழுவாகக் கூடி, ஒரு குறை ஏன் வந்தது என்று மூலம் வரை கேட்டுக்கொண்டு போவது முக்கியமான அங்கம். அந்தப் பழக்கம் உள்ள அப்பாவுக்கு முடுக்கச் சூத்திரம் மறந்திருக்கலாம். ஆனால் அவர் மகளிடம் ஒன்று கேட்கலாம்: “பிரேக் நல்லாத்தான் பிடிக்குது. ரோட்டுல ஆயில் கொட்டியிருந்தா வண்டி ஏம்மா நிக்கல?” பிரேக் நிறுத்துவது சக்கரத்தை, வண்டியை நிறுத்துவது சாலையின் உராய்வு. இந்த வேறுபாடு பிடிபட்டால் விசைப்படம் தானாக வரும்.

உதவி கிடைத்த கணக்கை மறுநாள் வெற்றுத்தாளில், யாரையும் கேட்காமல், எண்களை மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். வேகத்தை 54-க்குப் பதில் 36 என்று வைத்துக்கொள்ளலாம். சிக்கும் இடம் எதுவோ, அடுத்த சந்திப்பில் தோழிகளிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.