மழைக்கு முன் மட்பிளாப்

மும்பையில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மழைக்காலம் இன்னதென்று எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் இங்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மிகுதியாக மழை பொழிகின்றது. 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதை அன்று இந்நகரில் இருந்தவர் எவரும் மறந்திலர். மாதுங்கா, செம்பூர், முலுண்டு முதலிய இடங்களில் நம்மவர் வாழும் கட்டிடங்களின் கீழே, பச்சை நிற நம்பர் பிளேட் தாங்கிய மின்சாரக் கார்கள் நிற்பதை இப்போது காண்கிறோம். அவற்றுள் சில, சக்கரத்தின் பின்னே தொங்கும் மட்பிளாப் இல்லாமலேயே வீடு வந்து சேர்கின்றன. அதனைத் தனியே வாங்கி நாமே பொருத்திக்கொள்ளுதல் அரிய செயலன்று. ஆயினும் மின்சாரக் காருக்கென்று அறிய வேண்டியன சில உள. அவற்றை இங்குத் தொகுத்துக் கூறுவோம்.

சுழலும் டயர் தன் வரிப்பள்ளங்களில் நீரையும் மணலையும் சிறு கற்களையும் பற்றிக்கொண்டு மேலே எழுகின்றது. எழும் வேகத்தில் அவை பிய்த்துக்கொண்டு வெளியே பாய்கின்றன. முன்சக்கரம் எறியும் கல், கதவின் கீழ்ப்பகுதியில் பட்டு வண்ணப்பூச்சைச் சிதைக்கிறது. பூச்சு போன இடத்தில் நீர் நின்றால் துரு தானாகவே வரும். இது நம் பொருளுக்கு நேரும் கேடு. பின்சக்கரம் வாரி இறைக்கும் சேற்று நீரோ, நம்மைத் தொடர்ந்து வரும் இருசக்கர வண்டிக்காரரின் கண்ணை மறைக்கின்றது. ஒரு நொடி கண் மறைந்தால் என்ன நேரும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டா. ஆகவே மட்பிளாப் வண்டிக்கு அணியும் அழகுப் பொருளன்று. பிறர்பால் நாம் காட்டும் மரியாதையாகும்.

வாங்கும்போது

எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கப்படுவனவற்றை விடுத்து, நம் வண்டியின் வகைக்கும் ஆண்டுக்கும் உரியதைக் கேட்டு வாங்குக. அத்தகையவை பெரும்பாலும் சக்கரக் குழியில் முன்னரே உள்ள திருகுகளின் இடத்திலேயே பொருந்துமாறு அமைந்திருக்கும்; புதிதாகத் துளையிட வேண்டுவதில்லை. இது மிக முக்கியம். ஏனெனில் இன்றைய மின்சாரக் கார்களில் பாட்டரி, இரு சக்கர வரிசைகளுக்கும் இடையே, தரைத்தட்டின் அடியில் பரந்து கிடக்கின்றது. வண்டியின் உறுப்புகளிலேயே விலை மிகுந்தது அதுதான். ஆரஞ்சு நிற உறையிட்ட உயர் மின்னழுத்தக் கம்பிகளும் அடிப்பாகத்தே செல்வதுண்டு. அங்கே டிரில் கொண்டு துளையிடுவது உயிருக்கே ஆபத்தாகலாம். பாட்டரிக்குரிய உத்தரவாதத்தையும் இழக்க நேரலாம். துளையிட்டே தீர வேண்டும் என்று குறிப்புத்தாள் சொல்லுமாயின், அவ்வேலையைத் தேர்ந்த பட்டறையிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை.

பொருத்தும் முறை

வேண்டிய கருவிகள் சிலவே: தலை பொருந்தும் திருப்புளி, அதிலேயே குட்டையானது ஒன்று, பழந்துணி, டார்ச் விளக்கு. திருகின் தலை கூட்டல் குறி வடிவா, ஆறு முனை நட்சத்திர வடிவா என்று முதலில் பார்த்துக்கொள்க. பொருந்தாத திருப்புளி திருகின் தலையைத் தேய்த்துவிடும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சார்ஜ் செய்யும் கம்பியைக் கழற்றிவிடுக. ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பினால் முன்சக்கரம் விலகிக் கைக்கு இடம் கிடைக்கும். பின்னர் பிரேக்கைப் பூட்டி, வண்டியை அணைத்து, சாவியை எடுத்து அப்பால் வைத்துவிடுக. பெட்ரோல் வண்டி ஓடத் தயாராக இருப்பதை அதன் ஓசையே அறிவிக்கும். மின்சார வண்டியோ உயிரோடிருந்தும் ஓசையின்றி நிற்கும். நம் கை சக்கரக் குழியில் இருக்கையில் குழந்தைகள் உள்ளே ஏறி விளையாடலாகாது. சக்கரங்களுக்கு அணையாகக் கல் வைத்தலும் நன்று.

அடுத்து, குழியின் ஓரத்தை நன்கு கழுவித் துடைத்து உலர்த்துக. மணலின்மேல் பொருத்தினால் அம்மணலே வண்ணப்பூச்சை அராவும். மட்பிளாப் உடம்பில் படியும் இடத்தில் நிறமற்ற பாதுகாப்புப் படலம் ஒட்டுவது உண்டு. அது நல்ல வழக்கம். பின்பு பழைய திருகுகளைக் கழற்றி, மட்பிளாப்பை வைத்து, எல்லாத் திருகுகளையும் முதலில் தளர்வாகவே மாட்டுக. நேராக அமைந்ததைப் பார்த்த பிறகே ஒவ்வொன்றாக இறுக்குதல் வேண்டும். பிளாஸ்டிக்கில் பதியும் திருகுகளாகையால் கையால் இறுக்குவதே போதும். மிகை வலிமை புரியைக் கெடுக்கும்.

பின்சக்கரம் ஸ்டியரிங்குக்குத் திரும்பாது. அங்கேதான் குட்டைத் திருப்புளி உதவும். எட்டாவிடில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றலாம். ஆனால் கையேடு காட்டும் இடத்தன்றி வேறெங்கும் ஜாக்கியை வைக்கலாகாது. பாட்டரியின் அடியில் வைப்பது பெருந்தவறு.

முடிவில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, டயர் எங்கேனும் உராய்கிறதா என நோக்குக. ஒரு வாரம் ஓட்டிய பின் திருகுகளை மீண்டும் சோதித்துக்கொள்க. நான்கு சக்கரங்களுக்கும் பொறுமையுடன் செய்தாலும் ஒரு ஞாயிறு காலைப்பொழுதில் முடிந்துவிடும்.

சில ஐயங்கள்

இதனால் ஒரு சார்ஜில் ஓடும் தொலைவு குறையுமோ என்று சிலர் வினவக்கூடும். வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஆதலின் அகன்ற பெரிய மட்பிளாப், நெடுஞ்சாலையில் சிறிது மின்சாரத்தை மிகையாக உண்ணும். நகரத்தின் நெரிசலில் அது பொருட்படுத்தத் தக்கதன்று. டயரின் அகலத்துக்கு ஏற்ற அளவினதாகக் கொண்டால் போதும். மிக நீண்டதாயின் வேகத்தடையில் உராய்ந்து கிழியும்.

மற்றொன்று, மட்பிளாப் வெள்ளத்தைத் தடுக்கும் கருவியன்று. பல பாட்டரிகளுக்கு உரிய ஐபி 67 என்னும் தரம், 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் சோதனையைக் குறிக்கும். அதனை நம்பித் தேங்கிய நீரில் வண்டியை இறக்கலாகாது. மழை நாளில் வேகத்தைத் தணித்து ஓட்டுவதே முதற்காப்பு. மட்பிளாப் அதற்குத் துணை மட்டுமே.

பொருத்திய பின்னும் மாதம் ஒருமுறை அதன் பின்புறத்தில் அடைந்த சேற்றைக் கழுவிவிடுதல் வேண்டும். ஓசையும் புகையும் குறைந்த வண்டியை நாம் விரும்பி வாங்கினோம். வெண்சீருடையுடன் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைமீது அது சேற்றை வாரி இறைக்குமாயின், அவ்விருப்பத்துக்குப் பொருளேது? முதல் மழை விழுமுன் இப்பணியை முடித்துக்கொள்வோமாக.