அந்த ஃபைலை எத்தனை நாள் வைத்திருப்பது?

எங்கள் சின்னவனுக்கு 2022 ஜூலையில் முதல் முறை வலிப்பு வந்தது. அப்போது அவனுக்கு நாலு வயசு. அந்த ராத்திரியைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. பிள்ளை பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. மருந்து ஆரம்பித்த அன்றே டாக்டர் என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். "எப்ப வந்தது, எத்தனை நிமிஷம் இருந்தது, காய்ச்சல் இருந்ததா, தூக்கத்திலயா முழிப்பிலயா, அன்னிக்கு மருந்து எத்தனை மில்லி... எல்லாத்தையும் எழுதி வைங்கம்மா. எனக்கு உங்க குறிப்புதான் கண்ணு" என்றார்.

நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதவில்லை. பெரியவளுக்கு லாக்-டவுன் காலத்தில் வாங்கிய லேப்டாப் வீட்டில் இருந்தது. அதில் கட்டம் போட்டு ஒரு ஃபைல் ஆரம்பித்தேன். கெட்டிக்காரத்தனமாக, ஞாயிற்றுக்கிழமை தோறும் லேப்டாப்பில் இருப்பதையெல்லாம் வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்து பீரோவில் வைத்துவிடுவேன். 'ஏற்கெனவே இருக்கிறதே, அதன் மேலேயே எழுதட்டுமா?' என்று அது கேட்கும். 'எழுது' என்று தட்டிவிட்டு இட்லிக்கு ஊறப் போடப் போவேன்.

2025 மே மாதம். மறுநாள் டாக்டரைப் பார்க்க வேண்டும். "ரெண்டு வருஷம் வலிப்பு வராம இருந்தா மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கறதைப் பத்தி யோசிக்கலாம்" என்று முன்பே சொல்லியிருந்தார். கடைசியாக வந்தது 2023-ல், சித்திரைத் திருவிழா சமயம் என்று எனக்கு நினைவு. ரெண்டு வருஷம் ஆகிவிட்டது! சந்தோஷமாக, குறிப்பை பிரிண்ட் எடுக்கலாம் என்று ஃபைலைத் திறந்தால், 'திங்கள்: கணக்கு, தமிழ், விளையாட்டு' என்று இருக்கிறது.

பெரியவளை எழுப்பினேன். பொங்கல் லீவில் பள்ளிக்கூடத்து டைம்டேபிள் போட வேண்டியிருந்ததாம். "கட்டம் ஏற்கெனவே போட்டிருந்திச்சும்மா, உள்ள இருந்ததை மட்டும் அழிச்சேன்..." என்று கண்ணைக் கசக்கினாள். அவளைத் திட்டி என்ன பிரயோஜனம்? வலிப்பு வராத மாதங்களில் நான் அந்த ஃபைலைத் திறந்தே பார்க்கவில்லை. ஆனால் நாலு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் அந்த டைம்டேபிளை, நல்ல காப்பியின் மேல் நானே என் கையால் எழுதியிருக்கிறேன்!

சென்னையில் இருக்கும் என் நாத்தனார், வேறொரு டாக்டரிடம் காட்டுவதற்காக 2023 ஜூனில் அந்த ஃபைலை மெயிலில் அனுப்பச் சொல்லி வாங்கியிருந்தார். ராத்திரி பதினோரு மணிக்கு போன் போட்டு, தேடித் திருப்பி அனுப்ப வைத்தேன். ஜூன் வரைக்கும் எல்லாம் இருந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

அப்போதுதான் என் மாமியார் பரணைக் காட்டினார். பால் கணக்கு எழுதிய மாதக் காலண்டர்களை அத்தை தூக்கிப் போடுவதே இல்லை. எத்தனை முறை நான் முணுமுணுத்திருக்கிறேன்! தூசி தட்டி 2023-ஐ எடுத்தால், ஆகஸ்ட் மாதம் ஒரு கட்டத்தில், அரை லிட்டர் பாலுக்குக் கீழே, 'பையனுக்கு விடியக்காலம் இழுத்தது, 2 நிமிஷம்' என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. நான் ஊருக்குப் போயிருந்தபோது நடந்தது. வந்து ஃபைலில் ஏற்றியிருக்கிறேன், ஏற்றிய தெம்பில் மறந்தும் போயிருக்கிறேன்.

மறுநாள் டாக்டர் காலண்டர் தாளைப் பார்த்துவிட்டு, "அப்ப இன்னும் ரெண்டு வருஷம் ஆகலையே. பொறுத்திருந்து பார்ப்போம்" என்றார். என் நினைவை நம்பி அன்றைக்கே மருந்தைக் குறைத்திருந்தால்... வேண்டாம், அந்த நினைப்பு.

(இடையில் ஒன்று. வலிப்பு வரும்போது கையில் இரும்புச் சாவியைக் கொடுப்பதாலும், வாயில் கரண்டியைச் செருகுவதாலும் பயனில்லை. கரண்டியால் பல்தான் உடையும். ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் உடனே ஆஸ்பத்திரி.)

தாத்தா, அப்பா, பேரன்

கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் தம்பியிடம் புலம்பினேன். "அக்கா, நீ காப்பி எடுத்தே, சரி. ஆனா ஒரே ஒரு காப்பியை வச்சுக்கிட்டு அதையே திரும்பத் திரும்ப அழிச்சு எழுதினா, தப்பு நடந்த ஏழாவது நாள் நல்லதும் போயிடும். எத்தனை நாளைக்குப் பின்னால உன்னால போக முடியும்கிறதுதான் கணக்கு" என்றான்.

ஆபீஸ்களில் டேப்பில் பதிந்த காலத்திலிருந்தே இதற்கு ஒரு முறை உண்டாம். பேர்கூட நம் வீட்டுப் பேர்தான்: தாத்தா, அப்பா, பேரன். தினசரி காப்பி பேரன். சில நாளில் அதன் மேல் புதிசு எழுதப்படும். வாராந்திரக் காப்பி அப்பா; சில வாரம் இருக்கும். மாதாந்திரக் காப்பி தாத்தா. அவரை லேசில் அசைக்க மாட்டார்கள். வீட்டுக்குத் தினசரி தேவையில்லை என்று நாங்கள் பேரனை விட்டுவிட்டோம்.

இப்போது என் ஹார்டு டிஸ்க்கில் 'வாரம் 1' முதல் 'வாரம் 4' வரை நாலு ஃபோல்டர்கள். ஞாயிறுதோறும் முறைவைத்து ஒன்றின் மேல் எழுதுகிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் அந்த மாதத்தின் பேரில் இன்னொரு காப்பி. ஒரு வருஷம் கழித்து அதே மாதம் வரும்போதுதான் அதன் மேல் எழுதுவேன். ஜனவரியில் 'வருஷம்' என்று ஒன்று. அதைத் தொடுவதே இல்லை.

"இடம் அடைத்துக்கொள்ளாதா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எங்கள் வீட்டுப் பேப்பர்கள், ரசீதுகள், மருத்துவக் குறிப்புகள் எல்லாம் சேர்ந்து 300 எம்.பி.கூட இல்லை. நாலும் பன்னிரண்டும் பதினாறு காப்பி போட்டாலும் 5 ஜி.பி.க்குள்தான். போட்டோவையும் வீடியோவையும் அப்படிப் பதினாறு முறை வைத்தால்தான் டிஸ்க் திணறும். அவற்றுக்கு இரண்டே காப்பி: ஒன்று வீட்டில், ஒன்று நாத்தனார் வீட்டு அலமாரியில். தீபாவளிக்கு தீபாவளி மாற்றிக்கொள்கிறோம்.

எத்தனை நாள் வைத்திருப்பது என்பதற்குத் தம்பி ஒரு கேள்வி சொல்லிக் கொடுத்தான். 'இந்த ஃபைல் கெட்டுப்போனால், எனக்குத் தெரிய எத்தனை நாள் ஆகும்?' அதைவிடக் கூடுதலாக வைத்திருக்க வேண்டும். மளிகைக் கணக்கு கெட்டால் அடுத்த வாரமே தெரிந்துவிடும். பிள்ளையின் தடுப்பூசி அட்டையின் படம்? பள்ளிக்கூடத்தில் கேட்கும்வரை தெரியாது. அது ஆயுசுக்கும் இருக்கட்டும்.

"ஆஸ்பத்திரியில் இருக்குமே" என்றும் இருந்துவிடாதீர்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் வருஷத்து விதிகளில், உள்நோயாளியின் ரிக்கார்டை சிகிச்சை ஆரம்பித்ததிலிருந்து 3 வருஷம் டாக்டர் வைத்திருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரியை பிள்ளை பள்ளிக்குப் போகும் வயசில் தேடினால் கிடைக்கும் என்பது நிச்சயமில்லை.

போனில்தான் எல்லாம் இருக்கே?

எதிர் வீட்டுப் பெண் இப்படிக் கேட்டாள். கைக்குழந்தைக்காரி, மூவாயிரம் போட்டோ வைத்திருக்கிறாள். போனும் கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரியவில்லை. கூகுள் போட்டோஸில் ஏறிய படத்தை அழித்தால், குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும். ஐபோனில் பொதுவாக 30 நாள்தான். அதற்குள் நினைவு வர வேண்டும். போனில் அழித்தால் மேலே இருப்பதும் அழியும். 'அங்கே ஒன்று இருக்கே' என்று நம்பி இங்கே அழித்து அழுதவர்கள் உண்டு.

ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் காப்பு இன்னும் மோசம். என் பழைய ஞாயிற்றுக்கிழமை வேலையேதான். கூகுள் கணக்கில் புதுக் காப்பு ஏறினால் பழையது போய்விடும். அதுவும் இலவசமாகத் தரும் 15 ஜி.பி.யில் சேர்த்தி. இடம் நிரம்பிவிட்டால் புதிசாக எதுவும் ஏறாது. அவள் போனில் நிரம்பியே இருந்தது! பாதிக்கு மேல் காலை வணக்கம் வீடியோக்கள். இருவரும் உட்கார்ந்து ஒரு மத்தியானம் முழுக்க அழித்தோம்.

அழிப்பதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. எல்லாவற்றையும் என்றைக்கும் வைத்திருப்பதும் ஆபத்துதான். ஆதார், பான், பாங்க் பாஸ்புக் படங்களை லேப்டாப்பில் அழித்துவிட்டேன், தொல்லை விட்டது என்று இருந்தேன். பன்னிரண்டு மாத ஃபோல்டரிலும் அவை இருக்கின்றனவே! காப்பு எடுத்தவள் காப்பிலும் போய் அழிக்க வேண்டும். போகியன்று பழைய பாயை ஒழிக்கும்போது இதையும் ஒழிக்கிறேன். டிராயரில் கிடக்கும் பழைய பென் டிரைவ்களையும் அன்றைக்குத்தான் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்ப்பது.

இன்னொன்றும் செய்கிறேன். மாதம் ஒரு தடவை, பழைய ஃபோல்டர் ஒன்றிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்து பார்க்கிறேன். பேர் சரியாக இருப்பதை மட்டும் பார்த்து நான் ஏமாந்தது போதும்.

2025 ஆகஸ்டோடு இரண்டு வருஷம் நிறைந்தது. செப்டம்பரிலிருந்து டாக்டர் சொன்னபடி மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் குறைக்க ஆரம்பித்தோம். குறிப்பு ஃபைலுக்கு இப்போது வேறு பேர், பெரியவளுக்கும் தெரியும். அத்தையின் காலண்டர்களைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து 'வருஷம்' ஃபோல்டரில் போட்டிருக்கிறேன், பால் கணக்கு உள்பட. பரணில் இருப்பதையும் இறக்கவில்லை.